வல்லை வெளியில் ஒரு மலைச் சைக்கிள்

இஞ்சாருங்கோ,

கடிதத்திலும் இப்படித்தான் தொடங்க வருகிறது. பதினொரு வருடம் உங்களோடு குடும்பம் நடத்தியவளுக்கு உங்களை வேறு எப்படியும் கூப்பிடத் தெரியாது. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. சோளகக் காற்று திரும்பவும் தொடங்கி, முற்றத்து வாழையைக் கிழித்துப் போட்டிருக்கிறது.

அந்தச் சைக்கிள் நம் வீட்டுக்கு வந்ததும் ஒரு சோளகத்தில்தான். கனடாவுக்குப் போன உங்கள் சிநேகிதர், "நீயே வைச்சிரு" என்று விட்டுவிட்டுப் போனது. தடித்த ரயர், நேரான ஹாண்டில், பதினெட்டுக் கியர். மட்காட் இல்லை, கரியர் இல்லை. சண்டையால் பஸ் ஓடாத, பெற்றோல் இல்லாத ஊரில் எல்லோரும் சைக்கிளில்தான் திரிந்தோம். ஆனால் இப்படி ஒன்றை அச்சுவேலி கண்டதில்லை. பக்கத்து வீட்டு ஐயா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"உது என்ன சைக்கிள், தம்பி?"

"மலை ஏறுற சைக்கிள், ஐயா."

"இஞ்சை எங்கை மலை?"

"காத்துத்தான் எங்கடை மலை" என்றீர்கள்.

அந்த வருடம் முழுக்க உங்களால் ஒரு பாஷன் பரவியது. ரவுணில் நீங்கள் வேலை செய்த கந்தோரில் பாதிப்பேர் தங்கள் பழைய சைக்கிளின் மட்காட்டைக் கழற்றி, ஹாண்டிலை நிமிர்த்திக்கொண்டு வந்தார்கள். மாரி தொடங்கியதும் அத்தனை பேரின் வெள்ளைச் சேட்டிலும் முதுகு நீளத்துக்குச் சேற்றுக்கோடு. நீங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். உங்கள் சேட்டை உரஞ்சித் தோய்த்தது நான் என்பது உங்களுக்கு நினைவிருந்ததா?

எனக்காக ஒரு கரியர் ஒட்டுவித்தீர்கள். நெல்லியடியில் அக்காவின் மகளுடைய கலியாணத்துக்குப் போய்த் திரும்பியது அதில்தான். திரும்பும்போது, ஒரு மரம்கூட இல்லாத வல்லை வெளியில் காற்று முகத்தில் அறைந்தது. முன்னால் போனவர்கள் எல்லோரும் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நீங்கள் மட்டும் கியரைக் குறைத்து மிதித்தீர்கள்.

"நான் இறங்கி நடக்கட்டே?"

"பேசாமல் இரும். மலை ஏறுறம்." கொஞ்ச நேரத்தில் குறும்பு தொடங்கியது. "ஒருக்கா என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடும் பாப்பம். அப்பதான் மற்றக் கியர் போடுவன்."

"உங்களுக்கு விசர்."

"இந்த வெளியிலை ஆருக்குக் கேக்கப்போகுது? சொல்லும்."

நான் சொல்லவில்லை. என் அம்மாகூட அப்பாவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. பாலம் தாண்டும்வரை கெஞ்சிப் பார்த்தீர்கள். நான் உங்கள் முதுகில் முகத்தை வைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

போன வருடம் அந்தக் கடைசி நாள் காலை, நீங்கள் வழமைபோல "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுக் கந்தோருக்குக் கிளம்பினீர்கள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. சந்தையிலிருந்து பக்கத்து வீட்டு ஐயா மூச்சு வாங்க ஓடி வந்தார். "பிள்ளை, ரவுண் பக்கம் ஷெல் அடிக்கிறாங்களாம். அவரை மறி."

ஒழுங்கையால் ஓடி வந்து பெரிய தெருவில் ஏறினேன். உங்கள் நீலச் சேட் தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

"இஞ்சாருங்கோ! இஞ்சாருங்கோ!"

தெருவில் சைக்கிளில் போன மூன்று ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று பேரையும் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்போல. நீங்கள் திரும்பவில்லை. உங்களுக்கு எதிர்க்காற்று. அது என் குரலை எனக்கே கொண்டுவந்து தந்தது. அரைகுறையாகக் கேட்டிருந்தாலும், யாரோ ஒருத்தி தன் மனிசனைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்திருப்பீர்கள். பெயரைச் சொல்லியிருந்தால்?

வாய்வரை வந்தது. அவ்வளவு பேர் பார்க்கிறார்களே என்று நாக்கு மடங்கிவிட்டது. அந்தக் கூச்சத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அந்த மூவரில் ஒருவர் விசயத்தைக் கேட்டு உங்களுக்குப் பின்னால் மிதித்தார். பத்து நிமிடத்தில் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். "அந்தச் சைக்கிளைப் பிடிக்கேலாது, தங்கச்சி. இந்தக் காத்துக்கை எங்களாலை ஏலாது" என்றார்.

மத்தியானம் உங்களைக் கொண்டுவந்தார்கள். சைக்கிளையும் கொண்டுவந்தார்கள். அதன் முன்சில்லு றிம் மட்டும் கோணியிருந்தது. செத்த வீட்டில் எல்லோரும் என்னை அழச் சொன்னார்கள். மற்றப் பெண்கள் உங்கள் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைத்தார்கள். எனக்கு அப்போதும் "இஞ்சாருங்கோ" என்றுதான் வந்தது.

றிம்மைத் தட்டி நிமிர்த்துவித்து, இப்போது நானே அந்தச் சைக்கிளை ஓடுகிறேன். சிரிக்காதீர்கள். நீளச் சட்டையோடு குறுக்குப் பாரைத் தாண்டித்தான் ஏறுகிறேன், பார்ப்பவர்கள் பார்க்கட்டும். கிழமையில் இரண்டு நாள் நெல்லியடிச் சந்தைக்கு வெங்காயம் கொண்டு போகிறேன். அந்தத் தடித்த ரயருக்கு ஊர் முழுக்கத் தேடியும் ரியூப் கிடைக்கவில்லை. என் பழைய நூல் சேலை ஒன்றைக் கிழித்து முறுக்கி உள்ளே அடைத்திருக்கிறேன். கூறைச்சேலை பெட்டியில்தான் இருக்கிறது, பயப்படாதீர்கள். மிதிக்கப் பாரம். ஆனால் ஓடுகிறது.

போகும்போது வல்லை வெளியில் காற்று முதுகுப் பக்கம். அங்கே எதைச் சொன்னாலும் எனக்கு முன்னால் ஓடிப்போகும். போன வியாழக்கிழமை பாலத்தடியில் மிதிப்பதை நிறுத்தி, உங்கள் பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிட்டேன். எதிரே வந்த ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். நான் வெட்கப்படவில்லை. மிச்சத் தூரம் முழுக்க அழுதுகொண்டே மிதித்தேன்.

இனி அந்த வெளியைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் கூப்பிடுவேன். ஆர் நின்றாலும் கூப்பிடுவேன். இது சத்தியம்.

யோகநாதன். யோகநாதன். திரும்பிப் பாருங்கோ.

உங்கடை மனிசி,
பவளம்