ஆடி கழிச்சு சொல்றேன்

ஜூலை 3, வியாழன்

பசை புளித்துவிட்டது. நேற்று காய்ச்சிய மைதாப் பசை, இந்த வெயிலுக்கு ஒரே ராத்திரியில் போய்விட்டது. "இன்னாக்கா இது, மோர்க்குழம்பு வாசனை அடிக்குது. இத்த பூசினா புடவை வாங்கறவங்க பெட்டிய மோந்து பாத்துட்டு ஓடிப் பூடுவாங்க" என்று சசிகலா ஓர் ஆட்டம் ஆடித் தீர்த்தாள். இந்தப் பட்டறைக்கு முதலாளி நானா அவளா என்று பன்னிரண்டு வருஷமாக எனக்குத் தெளிவாகவில்லை. புதுப் பசை காய்ச்சி, சாயங்காலத்துக்குள் பட்டுப்புடவை வைக்கிற முந்நூறு அட்டைப் பெட்டிகளை நாலு பேரும் ஒட்டி அடுக்கிவிட்டார்கள்.

ஐந்தரைக்கு சசிகலாவின் வழக்கமான சத்தம். "அக்கா, பொழுது போவுது. எழுந்து போய் சாப்புடுங்க." பொழுது சாய்ந்தால் எங்கள் ஜைன வீட்டில் சாப்பாடு கிடையாது. வேலை மும்முரத்தில் எனக்கே அது மறந்துபோகும். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவளுக்கு ஒரு நாளும் மறந்ததில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன். பெரிய புடவைக் கடை கோகுல்ராஜ். நம் பெட்டியில் பாதிக்கு மேல் அவர் கடைக்குத்தான் போகிறது. "மேடம், இனிமே பெட்டி வேணாங்க. ஜிப் வச்ச கவர் எறக்கிட்டோம். புடவை வெளியவே தெரியுது, கஸ்டமருக்கு அதான் புடிச்சிருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க."

ஒரே நிமிஷம். சொல்லி முடித்துவிட்டார்.

ஜூலை 6, ஞாயிறு

மற்ற கடைக்காரர்களையும் போய்ப் பார்த்தேன். ஒருவர் காப்பி கொடுத்துச் சொன்னார், ஒருவர் கொடுக்காமல் சொன்னார். எல்லோருக்கும் கவர்தான் வேண்டுமாம்.

மிஞ்சுவது கல்யாண மண்டபங்களுக்கான ஸ்வீட் பெட்டி. மெஷினில் வெட்டி மடித்தால் போதும், பசையே வேண்டாம். அந்தக் கட்டிங் மெஷின் கலைமகளுக்கு மட்டும்தான் ஓட்டத் தெரியும். அதனால் அவள் இருப்பாள். சசிகலா, புஷ்பலதா, தீபா — மூன்று பேருக்கும் வேலை இல்லை.

எழுதிவிட்டேன். எழுதுவது சுலபமாக இருக்கிறது.

சசியை வைத்துக்கொண்டு கலைமகளை அனுப்பினால் என்ன? ஆசைதான், வேறென்ன. சசி பயந்துகொண்டு மெஷின் பக்கமே போகமாட்டாள். எனக்குப் பேச்சுத்துணை வேண்டும் என்பதற்காக வேலை தெரிந்தவளை அனுப்புவதா? அப்படிச் செய்தால் முதலில் என்னைத் திட்டுகிறவளும் சசிதான்.

ஜூலை 9, புதன்

இவரிடம் சொன்னேன். வாத்தியார் அல்லவா, பள்ளிக்கூட உதாரணம் இல்லாமல் வாய் திறக்க வராது. "ஃபெயிலான பையனுக்கு ஃபெயில்னு அன்னைக்கே சொல்லணும் சௌம்யா. லீவு முடிஞ்சு சொன்னா அவன் அடுத்த கிளாஸ் புஸ்தகம் வாங்கிட்டு வந்து நிப்பான். நாளைக்கே கூப்பிட்டுச் சொல்லிடு."

பீரோ கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். நன்றாக வந்தது. கண்ணாடியில் இருந்தவள் புரிந்துகொண்டாள். அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

சொல்லவில்லை. புஷ்பலதா மசால்வடை கொண்டுவந்திருந்தாள். எனக்காக வெங்காயம் போடாமல் தனியாக நாலு. வடையைத் தின்றுகொண்டே எப்படிச் சொல்வது?

ஜூலை 14, திங்கள்

இன்றும் இல்லை.

செய்யாறு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பெண்களை வேலைக்கு எடுக்கிறார்களாம், இந்த மாசம் முடியும்வரை. வேன் நம் தெருமுனைக்கே வருமாம். மத்தியானம் தீபா சொன்னாள். சசிகலா அவளைக் கிண்டல் செய்துகொண்டே பழைய ஆர்டரில் மிச்சமிருந்த பெட்டிகளை ஒட்டினாள். "நீ போடி, போய் ஷூ தெச்சிகினு இரு. நான் அக்காவ உட்டுட்டு எங்க போவப்போறேன்? பொழுது போனது கூடத் தெரியாது இவங்களுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடிப்பாவி சௌம்யா, அப்போதாவது சொல்லியிருக்கலாமே.

ஜூலை 16, புதன்

நாளை ஆடி பிறக்கிறது. ஆடியில் கல்யாணம் கிடையாது, பெட்டி கேட்பாரும் கிடையாது. வருஷா வருஷம் ஒரு மாசம் பட்டறையை மூடுவோம். அவரவர் ஊரில் கூழ் ஊற்றிவிட்டு ஆவணி முதல் திங்கள் வந்து நிற்பார்கள். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

கடைசி நாள் என்று எனக்கு மட்டும் தெரியும். கொடுக்கவேண்டியதை எல்லாம் கொடுத்தேன், கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்தேன். ஆளுக்கு ஒரு புடவையும். "இன்னாக்கா, தீபாவளி இப்பவே வந்துடுச்சா?" என்று சசி கேட்டாள். வாயைத் திறந்தேன். கண்ணாடி முன் சொன்ன ஒரு வார்த்தைகூட வரவில்லை.

"ஆடி கழிச்சு சொல்றேன்" என்றேன்.

மற்ற வருஷங்களில் "ஆடி கழிச்சு வாங்க" என்பேன். 'வாங்க' போய் 'சொல்றேன்' ஆனதை ஒருத்தியும் கவனிக்கவில்லை. கவனிக்கக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேனோ?

சசி பிரஷ்களை எல்லாம் வெந்நீரில் அலசி நூலால் கட்டி வைத்தாள். பேர் வெட்டின அவள் எவர்சில்வர் டம்ளரைக் கழுவி, ஜன்னல் மேடையில் கவிழ்த்தாள். திரும்பி வருகிறவள் வைக்கிற மாதிரி. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஜூலை 19, சனி

மணி ஆறே முக்கால் ஆகிவிட்டது. சாப்பிடவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கவேண்டியதுதான்.

ஜூலை 22, செவ்வாய்

இன்றும் பட்டினி. இவர் பள்ளிக்கூடத்திலேயே சாயங்காலம் டிபன் பாக்ஸை முடித்துவிட்டு வந்தவாசியில் பஸ் ஏறுகிறவர். வந்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டு போனில் அலாரம் வைத்துக் கொடுத்தார், ஐந்தரைக்கு.

ஜூலை 24, வியாழன்

அலாரம் அடிக்கிறது. அணைத்துவிடுகிறேன். அதற்கு என்மேல் என்ன அக்கறை? அணைத்தால் பேசாமல் இருக்கிறது. சசியாக இருந்தால் கையில் இருக்கிற ரசீதுப் புத்தகத்தைப் பிடுங்கி வைப்பாள்.

போன் பண்ணலாம். பண்ணி என்ன பேசுவது? நன்றாக இருக்கிறாயா என்றா? ஆர்டர் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வாள்.

அவள் குரல் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. அவ்வளவுதான்.

ஜூலை 27, ஞாயிறு

காய்கறி மார்க்கெட்டில் புஷ்பலதா. கத்தரிக்காயைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். தீபா ஷூ கம்பெனியில் சேர்ந்துவிட்டாளாம். வேன், கழுத்தில் அட்டை, எல்லாம் உண்டாம்.

"சசி போகலையா?" என்று கேட்டேன். ஏதோ பேசவேண்டுமே என்று.

"அவங்கள வூட்டாண்டயே வந்து கூப்ட்டாங்கக்கா. அவங்க தம்பி இளஞ்செழியன் அங்கதான வேலை செய்றான். பேக்கிங்ல பத்து பேர பாத்துக்கற வேலை, தன் அக்காவுக்குன்னே சொல்லி வச்சிருந்தான். இவங்கதான் முடியாதுன்னுட்டாங்க. ஆவணி பொறந்தா கல்யாண சீசன், உங்கள அந்த நேரத்துல உட்டுட்டு வந்தா தெய்வம் கேக்கும்னு சொல்லிகினு இருக்காங்க. நானும் அப்படித்தான் போவல. நீங்கதான் ஆடி கழிச்சு சொல்றேன்னீங்களே."

மார்க்கெட்டில் அத்தனை சத்தம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. புஷ்பலதாவை ஓரமாக அழைத்துப்போய் அங்கேயே சொன்னேன், தக்காளிக் கூடைகளுக்கு நடுவில். அவள் அழவில்லை. "அப்ப நான் நாளைக்கே வேனாண்ட போறேன்" என்றாள். கையை மட்டும் விட்டுவிட்டாள்.

நான் யாருக்கு இரக்கம் பார்த்தேன்? அவங்களுக்கா, எனக்கா? அழுவாளே, திட்டுவாளேன்னு பயந்துகினு, ஒரு வார்த்தை சொல்லாம, சசி வழில குறுக்க நின்னுட்டேனே.

ஜூலை 28, திங்கள்

இவர் உட்கார்ந்து டைப் அடித்துக்கொடுத்தார். மூன்று பேருக்கும் அனுபவச் சான்று, பட்டறை லெட்டர்பேடில், சீல் வைத்து. சசிக்கு: 'பன்னிரண்டு ஆண்டுகள். வேலையையும் ஆட்களையும் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டவர்.' என்னையும் பார்த்துக்கொண்டவர் என்று போடச் சொன்னேன். சான்றிதழில் அதெல்லாம் போடக்கூடாதாம்.

ஜூலை 29, செவ்வாய்

சசி கூழ் ஊற்றத் தன் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், கலசப்பாக்கத்தில். போளூரில் பஸ் மாறிப் போனேன். வாசலில் வேப்பிலைத் தோரணம். என்னைப் பார்த்ததும் ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"அக்கா! ஆடிலயே ஆர்டர் வந்துடுச்சா? ஒரு போன் அடிச்சா ஜல்தியா வந்திருப்பேனே, நீங்க எதுக்கு இந்த வெயில்ல?"

நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் மறுபடி முழுங்கிவிடுவேன். வேலை இல்லை சசி, ஆடிக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும், உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை, என் தப்பு. அவ்வளவையும் சொன்னேன். சான்றுக் கடிதத்தை நீட்டினேன்.

படித்தாள். மடித்தாள்.

"இத்த பதினாறாம் தேதி குடுத்திருக்கலாமே."

"கொடுத்திருக்கணும்."

"வேலை இல்லன்றதுக்கு நான் இன்னா சொல்லப்போறேன்? கடைக்காரன் வாங்கலன்னா நீங்க இன்னா பண்ணுவீங்க? அது புரியாதா எனக்கு? நான் இன்னா சின்னப் புள்ளயா? டம்ளர கழுவி ஜன்னல்ல கவுத்தேனே. பாத்துகினுதான இருந்தீங்க? பாத்துகினு நின்னீங்களேக்கா."

அழுகை வந்தது. அவள் முன்னால் அழுதால் அவள்தான் சமாதானம் சொல்லவேண்டிவரும், அது இன்னும் கேவலம் என்று அடக்கிக்கொண்டேன். நாளைக் காலையிலேயே செய்யாறு போய்விடு, இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்றேன். "போறேன்" என்றாள்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது மணி ஐந்தரை ஆனது. வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். 'சாப்புடுங்க' என்ற சத்தம் மட்டும் வரவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

புஷ்பலதா போன் பண்ணினாள். அவளுக்கும் சசிக்கும் வேலை கிடைத்துவிட்டது. பேக்கிங்கில் ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மட்டும் போன சனிக்கிழமையே வேறு ஆள் போட்டுவிட்டார்களாம். சசியை ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுகிற லைனில் நிறுத்தியிருக்கிறார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே.

பட்டறையை மூடின பதினாறாம் தேதிக்கும் அந்தச் சனிக்கிழமைக்கும் நடுவில் பத்து நாள் என் கையில் இருந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி முதல் திங்கள். பட்டறையைத் திறந்தேன். கலைமகள் வந்தாள். நாலு பேர் உட்காரும் பாயை அவள் பாட்டுக்கு முழுசாக விரித்துவிட்டு, பிறகு பாதியை மடித்தாள்.

"அக்கா, எனக்கும் இப்படித்தானா?" என்று கேட்டாள். தரையைப் பார்த்துக்கொண்டே.

உடனே சொன்னேன். பொங்கல் வரைக்கும் வேலை நிச்சயம். அதற்குப்பின் இருக்குமா என்று எனக்கே தெரியாது. கார்த்திகை பிறக்கும்போது எனக்குத் தெரிந்ததை அப்படியே உன்னிடம் சொல்வேன், நடுவில் நல்ல வேலை வந்தால் போய்விடு, எனக்காக நிற்காதே.

முகம் சுருங்கத்தான் சுருங்கியது. மத்தியானம் எப்போதும்போல் சாப்பிட்டாள், ஊறுகாய் இருக்கிறதா என்றும் கேட்டாள்.

இவ்வளவுதானா? இதற்கா அத்தனை பயந்தேன்?

ஆகஸ்ட் 30, சனி

மைதாப் பசை வாசனை இல்லாத பட்டறை. மெஷின் வெட்டுகிற சத்தம் மட்டும். அந்தப் புளித்த வாசனைகூட இப்போது வந்தால் நன்றாக இருக்கும். அந்த டம்ளரைத் தினமும் துடைத்து, கவிழ்த்தபடியே வைக்கிறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சசிகலா வந்தாள்.

டம்ளர் எடுத்துப்போக வந்தேன் என்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கால் லேசாக வீங்கியிருந்தது. "நின்னு நின்னு பேஜாரா பூடுச்சு. போவப்போவ பழகிடுமாம்." பட்டறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். நூல் கட்டின பிரஷ்கள் அப்படியே இருந்ததைப் பார்த்தாள்.

"அங்கயும் பசைதாங்க்கா. ஆனா நம்ம பசை மாதிரி இல்ல, மூக்கு எரியுது. அஞ்சு மணிக்கு உடறாங்க, அஞ்சேகாலுக்கு வேன். வூடு வந்து சேர ஏழு ஆவுது."

"உன் பேக்கிங் வேலை என்னாலதான் போச்சு சசி."

"ஆமா" என்றாள். இல்லை என்று சொல்வாள் என்று ஒரு நொடி எதிர்பார்த்தேன், வெட்கமில்லாமல். "கலைமகளுக்காவது முன்னாடியே சொல்லுங்க."

"சொல்லிட்டேன். பொங்கல் வரைக்கும்னு."

தலையை ஆட்டினாள். டம்ளரை எடுத்தாள். தூசி இருக்கிறதா என்று உள்ளே பார்த்தவள், இல்லை என்று தெரிந்ததும் என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். "இன்னாக்கா, வளையல் கழண்டு உழுவுது. சாயங்காலம் சாப்புடறதில்லியா?"

சாப்பிடறேன், இல்லை என்று ஏதோ உளறினேன். அவள் டம்ளரைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

செப்டம்பர் 17, புதன்

ஐந்தரைக்கு போன் ஒரே ஒரு தடவை அடித்தது. எடுப்பதற்குள் நின்றுவிட்டது. சசிகலா. வேனில் இருப்பாள்.

திங்கட்கிழமையும் அதே நேரம் ஒரு தடவை அடித்து நின்றது, நேற்றும். திருப்பிக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. கை தவறிப் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். இன்றுதான் புரிந்தது, திருப்பிக் கூப்பிடவில்லை.

அலாரத்தை எடுத்துவிட்டேன். வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். கை கழுவிவிட்டுத் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நன்றாகப் பசித்தது.