சபையில் எழுந்து நின்றவள்

எலூல் மாதம் 4, தெற்கு எல்லைக் காவல் கோட்டை

அன்புள்ள சல்லுவாவுக்கு,

வானத்துக் கடவுள் உன்னைக் குறைவின்றி வைத்திருக்கட்டும். கூஷ் நாட்டுக் கொள்ளையர் மறுபடி வந்தார்கள். அம்பு ஒன்று என் தோளை உரசிப் போனது, பயப்படாதே, ஆறிவிட்டது.

நீ அனுப்பிய பருப்பும் உப்பும் கிடைத்தன. உணவுப் படகில் அவற்றைக் கொண்டுவந்த அகியோ இன்னொன்றும் சொன்னான். "உன் வீட்டுக்குப் புது உத்திரம் போட்டாச்சுடா. பக்கத்து வீட்டு எகிப்தியன்தான் ஏறிப் போட்டான்."

அந்த எகிப்தியன் பக்நூம் படகோட்டிதானே? என் கூரைமேல் அவனுக்கு என்ன வேலை? சல்லுவா, ஒளிக்காமல் எழுது.

உன் கெமரியா

எலூல் மாதம் 15, யேபுத் தீவு

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

தோளுக்கு எண்ணெய் தடவுங்கள்.

உத்திரம் செல்லரித்து அடுப்பின்மேல் விழுந்தது. இரண்டு முறை எழுதினேன், உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. பக்நூமைப் பற்றி என்றால் மட்டும் உடனே கடிதம் வருகிறது! அவனை ஏறச் சொன்னது அவன் மனைவி. "ஏறுய்யா, அந்தப் பொண்ணு வெயில்ல நின்னு சமைக்குது" என்று விரட்டினாள். உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன், பிறகு கோபம் வந்தது.

நீங்கள் போய் மூன்று வருடம் ஆயிற்று. உங்களோடு போனவர்களையெல்லாம் ஊருக்கு மாற்றிவிட்டார்கள், உங்களைத்தான் மறந்துபோனார்கள். இனி அடுத்த அம்பு வரும்வரை என்னால் காத்திருக்க முடியாது. நானே ஒரு வழி பார்க்கிறேன்.

உங்கள் சல்லுவா

திஷ்ரி மாதம் 2, காவல் கோட்டை

சல்லுவா,

நீ பார்த்த வழி தெரிந்துவிட்டது. எல்லோரும் சாப்பிடும்போது அகியோ சொன்னான்: "உன் பொண்டாட்டி சபையில எழுந்து நின்னாடா. என் கண்ணால பாத்தேன்."

நம் தீவில் ஒரு மனைவி சபையில் எதற்கு எழுந்து நிற்பாள்? 'என் புருஷனை வெறுத்தேன்' என்று சொல்லி மணத்தைத் தீர்த்துக்கொள்ளத்தானே. இங்கே எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பக்நூம் உத்திரம் போட்டது இதற்குத்தானா?

என்னை மட்டும் தள்ளப்பட்டவன் ஆக்கிவிடலாம் என்று நினைக்காதே. இந்தக் கடிதத்தைச் சபைத் தலைவர் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். எல்லோர் முன்னும் வாசிக்கட்டும்: கெமரியாவாகிய நான் என் மனைவி சல்லுவாவை வெறுத்தேன்.

கெமரியா

திஷ்ரி மாதம் 16, யேபு

கெமரியாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்தார்கள். பக்நூமின் பெயர் வந்தபோது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் அன்று எழுந்து நின்றது உண்மை. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கோயில் ஆசாரியர்கூட, "உக்காரும்மா, அவசரப்படாத" என்றார். வாசலில் நின்ற அகியோ, படகுக்கு நேரமாயிற்று என்று அப்போதே ஓடிவிட்டான். நான் சொன்னதை அவன் கேட்கவில்லை.

"நான் யாரையும் வெறுக்கல. அம்பு பட்டும் என் புருஷன் அங்கதான் கெடக்குறாரு. வீட்டுக்கு அனுப்புங்க" என்றேன். சபைக்கு வந்திருந்த நம் படையின் பாரசீகத் தளபதி அங்கேயே உத்தரவு போட்டார். அது இந்தக் கடிதத்தோடு வருகிறது. நீங்கள் திரும்பலாம்.

"கோவத்துல எழுதிட்டான். வந்து வாபஸ் வாங்கிக்கட்டுமே?" என்று தலைவர் கேட்டார். வேண்டாம் என்றேன். நீங்கள் வரப்போகும் நாளை எண்ணிக் காத்திருந்தவள்தான் நான். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்.

வெறுத்தேன் என்று சபையில் சொன்னவர்தான் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். நம் மணப்பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது. உங்கள் துணிமணிகளை மூட்டை கட்டி அகியோ வீட்டில் கொடுத்துவிட்டேன்.

மெனாகேமின் மகள் சல்லுவா