பொட்டு வைத்த பட்டன்

12 நவம்பர் 1999, வெள்ளி

என் டைப்பிங் கடையை விட்டு மல்லிகா போய் ஒரு வாரம். அவள் இடத்தில் உட்கார்ந்து ஒரு மாணவரின் ஆய்வறிக்கையை நானே அடித்தேன். டெலீட் பட்டனுக்குப் போன விரல் கொஞ்சம் தவறியது. கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. ஆறு பக்கம் போயிற்று.

அவளுக்கும் மூன்று முறை இப்படித்தான் ஆனது. "டெலீட்டைத்தான் சார் அமுக்கினேன், தானா ஆஃப் ஆயிடுது" என்று அழுதாள். "கையை ஒழுங்கா வச்சு அடிக்கத் தெரியாதா?" என்று கடைக்கு வந்தவர்கள் முன்னாலேயே கத்தினேன்.

டெலீட்டை ஒட்டியே, அதே அளவில், ஆஃப் பட்டனையும் வைத்திருக்கிறான் இந்தக் கீபோர்டைச் செய்த புண்ணியவான். அதில் எழுத்துகூட இல்லை, ஒரு சின்னக் குறிதான். அந்தக் குறியையும் மறைத்தது நான். தசராவுக்கு வாங்கிய புது கீபோர்டு. ஆயுத பூஜையன்று எழுத்துகள் மறையக்கூடாதே என்று, வெறுமையாகத் தெரிந்த பட்டனாகப் பார்த்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். "ஊதுபத்தி கம்பெனிக்குப் போறா சார். கம்ப்யூட்டர் பக்கமே இனி போகமாட்டேங்கறா" என்றார் அவள் அம்மா.

கடையில் இருந்தவரை தினமும் காலையில் மல்லிகாதான் கீபோர்டைத் துடைப்பாள். அந்த ஒரு பட்டனை மட்டும் தொடமாட்டாள், பூஜையில் நான் வைத்த பொட்டு என்று.