பலாப் பேழைக்குத் தேக்குக் கதவு

கடலும் கழனியும் இருபுறம் நின்று வணங்க, வெண்கரை நாட்டைச் செங்கோல் வழுவாது ஆளும் பெருமாட்டி, உப்புத்துறைகளுக்கு உடையவர், அரிவைமாதேவியார் திருவடிகளுக்கு, ஏரிமங்கல அரசவையில் தங்கள் தூதனாய் இருக்கும் காரிச்சாத்தன் தாழ்ந்து வரையும் ஓலை. தங்கள் குடைநிழல் நீள்க. தங்கள் உப்பளங்கள் வெளுத்துப் பொலிக. தங்கள் மடைப்பள்ளியில் கலம் உடையாதிருக்க.

கடைசி வாழ்த்தைக் காரணத்தோடுதான் எழுதினேன். என் எழுத்தாணி அவ்வரியில் நிற்கையிலேயே, சுவருக்கு அப்பால் தங்கள் தங்கையார் எழினிக்கோதையார், "என் பேழைமேல் வைத்த கையை மடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்!" என்று முழங்கினார். அதற்கு இந்நாட்டு அரசி பனிமுகில்தேவியார், "நான் எங்கே கை வைத்தேன், அக்கா? வெல்லம் எடுக்கப் போனேன், கதவு தானாய் வந்து என் காலில் விழுந்தது" என்று எதிர்முழங்கினார். உடனே கலம் ஒன்று உடைந்தது. பாற்கலமா மோர்க்கலமா என்பதை விசாரித்து எழுதுவேன்.

நான் ஒட்டுக்கேட்டதாகத் தாங்கள் கருதலாகாது. தூதர் மாளிகைக்கும் அரண்மனை மடைப்பள்ளிக்கும் சுவர் ஒன்றே. அச்சுவரில் புகை போகவென்று விட்ட துளை ஒன்று உண்டு. அத்துளைக்கு நேரே என் மணை கிடப்பது இடநெருக்கடியால் நேர்ந்தது.

தங்கையார் மணமாகி இந்நாடு புகுந்த நாளில், தாங்கள் சீராக அனுப்பிய பலாமரப் பேழைகளைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆளுயரத்துக்கு மேல் எழுந்து, சுவரோடு சுவராய் நின்று, அரிசியும் பருப்பும் மிளகும் புளியும் காத்து வந்தவை அவை. அவர் கணவராகிய முன்னை அரசர் விண்ணுலகு எய்தி, தம்பி செருவளர் அரியணை ஏறிய பின்பும் பேழைகள் பெயரவில்லை. ஆகவே அகப்பையும் தங்கையார் கையை விட்டுப் பெயரவில்லை. ஏரிமங்கலத்து வழக்கத்தை, இவ்வோலையைத் தங்கள் அவையில் வாசித்துக் கேட்போர் பொருட்டுச் சொல்கிறேன்: எவள் பிறந்தகத்து மரம் மடைப்பள்ளியில் நிற்கிறதோ, மடை, அதாவது அடுக்களை ஆட்சி, அவளுடையது. அம்மரம் சாம்பல் கொட்டும் கரிவாசல் வழியே வெளியேறுமானால், உடையவளும் அதன் பின்னே வெளியேற வேண்டும். பிறகு அரண்மனைப் படி மிதிக்க அவளுக்கு உரிமை இல்லை.

அப்பேழைகளின் கதவுகளைத்தான் இப்போது செல்லரித்துவிட்டது. மேலே மெழுகிய நெய்ப்பளபளப்பு மட்டும் எஞ்சியிருக்க, உள்ளே மாவு. கதவு சுழலும் குடுமி இற்று ஒரு கதவு அரசியாரின் கால்விரல்மேல் விழ, "இந்தக் கிழட்டு மரத்தை மொத்தமாய் எடுத்தெறியுங்கள், என் தந்தை நாட்டுத் தேக்கில் புதிதாய்ச் செய்வோம்" என்று அவர் கூற, விரல் வீக்கம் நாட்டுச் சிக்கலாயிற்று.

பேழை போனால் தங்கையார் போக வேண்டும் என்பது மட்டும் ஆனால் நான் இத்தனை கலங்கேன். அவர் மகள் வெண்ணிநங்கைக்கு மணற்றுறைத் தலைவர் மகன் பூதங்கீரரைப் பேசி, இத்திங்களிலேயே அரண்மனை முற்றத்தில் பந்தல் போட இருக்கிறார்கள். கரிவாசல் வழியே போனவள் மகளுக்கு அரண்மனைப் பந்தல் கிடையாது. மணற்றுறையாரோ, பந்தலில் ஒரு கால் குறைந்தாலே பெண் வேண்டாம் என்று திரும்பக்கூடிய மனிதர். தங்கையார் தமக்காகக் கத்தவில்லை, பெருமாட்டி, கத்துவது மகளுக்காக. குரல் மட்டும் தங்கள் குடும்பத்துக் குரல். கோட்டை கடந்து கேட்கிறது.

அரசர் பெருந்தச்சர் நாகனாரை அழைத்துப் பேழைகளைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். நாகனார் தட்டினார், முகர்ந்தார், இரு மாதரசியர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உடல் உரம் குன்றவில்லை, கதவுதான் கெட்டது. கதவை மட்டும் மாற்றினாலும் நிற்கும், முழுதும் மாற்றினாலும் நன்று, மாற்றாவிட்டாலும் மழைக்காலம் வரை தாங்கும் என்று விண்ணப்பித்தார். இத்தகைய விடை சொல்வோரே இவ்வரண்மனையில் தலைநரைக்கும் வரை வேலையில் இருக்கிறார்கள்.

செருவளர் போர்க்களத்தில் புலி, மடைப்பள்ளி வாசலில் பூனை என்று ஊரார் சொல்வதை நான் வழிமொழியவில்லை. பதிந்து வைக்கிறேன், அவ்வளவே. அவர் அவையைக் கூட்டி, அண்ணியாரின் பலா உடல் அப்படியே நிற்கட்டும், தேவியாரின் தேக்கில் கதவு மட்டும் செய்து பூட்டட்டும் என்று தீர்ப்புரைத்தார். தீர்ப்பு முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்று அவர் நினைத்ததே பிழை. அப்படியானால் மடை எவருடையது என்று முதுஅமைச்சர் கேட்டுத் தொலைத்தார்.

ஒருவர், ஆளை அறிவது முகத்தால், ஆகவே கதவுக்கு உடையவரே மடைக்கு உடையவர் என்றார். மற்றொருவர், சோறு தங்குவது வயிற்றில், ஆகவே உடலுக்கு உடையவரே உடையவர் என்றார். திரைக்குப் பின்னிருந்து தங்கையார், "முகம் கழுவினால் ஆளே மாறிப்போவாளோ?" என்று கேட்டார். அரசியார் சும்மா இருக்கவில்லை, "முகமே வேறொருத்தியுடையது என்றால் ஊர் அவளைத்தானே பெயர் சொல்லிக் கூப்பிடும், அக்கா?" என்றார். அரசர் எழுந்து, பசிக்கிறது என்று கூறி அவையைக் கலைத்தார். இந்நாட்டு வரலாற்றில் இதுவே மிகச் சுருக்கமான அரசாணை.

உடைந்தது மோர்க்கலம்.

இந்த ஏட்டை அன்றே அனுப்பாது நிறுத்தி வைத்தேன். அரைகுறைச் செய்தி தங்களுக்குப் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. இனி வருவது அடுத்த ஏடு.

மலைநாட்டிலிருந்து தேக்கு வண்டிகள் வந்து சேர்ந்தன. அரசியாரின் தந்தையார் தம் தச்சரைக் கொண்டே கதவுகளை அளவுக்கு இழைத்து, யானை வரிசையும் செதுக்கி அனுப்பியிருந்தார். அழகை நான் மறுக்கவில்லை. யானைகள் சற்றே பன்றிச் சாயல். அவற்றைப் பூட்டுதற்பொருட்டு நாகனாரின் ஆட்கள் பழைய கதவுகளைக் கழற்றினர். கழற்றியவற்றைச் செங்கன் என்னும் தச்சன் தோளில் ஏற்றி, குப்பையெல்லாம் போகும் வழி அதுதானே என்னும் கைப்பழக்கத்தால், கரிவாசலுக்கு வெளியே கொண்டுபோய்ச் சாத்திவிட்டான்.

பெருமாட்டி, அதன் பின் நிகழ்ந்ததைக் கேளுங்கள். அரசியாரின் சேடி தூவி என்பவள் மாடத்தில் நின்று சங்கெடுத்து ஊதினாள். மரம் கரிவாசல் கடந்தது, மரம் கரிவாசல் கடந்தது என்று மலைநாட்டு வண்டிக்காரர் எல்லாம் ஆர்த்தனர். கோட்டைக் காவலர், வழக்கம் வழக்கமே என்று கரிவாசலின் இரு கதவையும் விரியத் திறந்துவிட்டு, தங்கையார் வருவதற்காக வழிவிட்டு நின்றனர். மணற்றுறையார் அனுப்பிய பூத்தட்டுகள் அப்போதுதான் தலைவாசலில் வந்து இறங்குகின்றன. என் மாளிகையில் இருந்த வாளை எடுத்து இடையில் கட்டிக்கொண்டேன். எதற்கென்று எனக்கே தெரியாது.

அரசர் வந்தார். தவறுதலாய்ப் போன கதவை உள்ளே எடுத்து வரலாமே என்று தொடங்கினார். கரிவாசலில் போனது திரும்பி வந்தால் அரண்மனைக்கு ஆகாது என்று முதுஅமைச்சர் தடுத்தார். அரசியார் முகத்தில் வெற்றியைக் காட்டிலும் அச்சமே அதிகம் இருந்ததாக எனக்குப் பட்டது. துளை வழியே மடைப்பள்ளி கடந்து கரிவாசல் வரை தெரியும்; ஆயினும் துளை சிறிது, என் பார்வையில் பிழை இருக்கலாம்.

தங்கையார் மடைப்பள்ளியினின்று வெளியே வந்தார். கையில் அகப்பை இருந்தது, புளிக்கரைசல் சொட்டிக்கொண்டிருந்தது. கரிவாசலுக்கு நேரே நடந்தார், படியருகே நின்றார், திரும்பினார். "வெளியே கிடப்பது என் மரம் என்று சொன்னது யார்?" என்று கேட்டார். இப்பேழைகள் அனைத்தையும், கதவு உள்பட, இன்று விடியலில் வெற்றிலை வைத்து என் மகளுக்குச் சீராகக் கொடுத்துவிட்டேன் என்றும், வெண்ணிநங்கை கன்னி என்றும், கன்னியைக் கரிவாசலால் அனுப்பிய வழக்கம் இந்நாட்டில் உண்டாயின் முதுஅமைச்சர் எடுத்துக் காட்டட்டும் என்றும், மணப்பெண்ணின் சீர் தலைவாசல் வழியேதான் போகும் என்றும் அறிவித்தார்.

வெற்றிலை வைத்தது உண்மையோ என்று தாங்கள் கேட்பீர்கள். விடியலில் நான் துளையருகேதான் இருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆயினும் அரசர் என்னை அழைத்துச் சான்று கேட்டபோது, வெற்றிலையின் மணம் வந்தது என்று கூறினேன்.

முதுஅமைச்சர் நெடுநேரம் தாடியைத் தடவி, அத்தகைய வழக்கம் இல்லை என்று ஒப்பினார். செருவளர் அப்போது விட்ட பெருமூச்சில் பந்தல் ஓலை அசைந்தது.

இனிக் கடைசி ஏடு. மணம் சிறப்புற நிகழ்ந்தது. மணற்றுறையார் பந்தற்கால்களைக் கைதொட்டுப் பார்த்து நிறைவடைந்தனர். பலாப் பேழைகள், சாத்தி வைத்த பழைய கதவுகளோடு மாலை சூட்டப்பெற்று, மேளம் முன்செல்லத் தலைவாசல் வழியே வண்டி ஏறின. அரசியார் கேட்டது முழுதும் கிடைத்தது: பழைய மரத்தில் ஒரு சிம்பும் மடைப்பள்ளியில் இல்லை. ஆனால் மலைநாட்டிலிருந்து வந்தவை கதவுகள் மட்டுமே அல்லவா? அவற்றைப் பூட்ட உடல் இல்லை. காட்டுவழி மழையால் வண்டிகளுக்கு அடைபட்டது. வேறு தேக்கு கார்காலம் கழிந்தே வரும். யானைக் கதவுகள் வெறுஞ்சுவரில் சாய்ந்து நிற்க, அரிசியும் பருப்பும் தரையில் பானை பானையாய் இருக்க, எலிகள் அரச விருந்தினராயின.

தம் மரம் இல்லாத மடையில் தமக்கு இடம் இல்லை என்று தங்கையார் மகளோடு பல்லக்கு ஏறும் வேளையில் அரசியார் தனியே ஓடி வந்தார். மன்னிப்பு கேட்பார் என்று சேடியர் எல்லாம் காதைத் தீட்டினர், நானும்தான். அவர் கேட்டது, "அக்கா, நீங்கள் மிளகை எங்கே வைப்பீர்கள்?" என்பது. "மேல்தட்டில், வலக்கைப் பக்கம்" என்று தங்கையார் பழக்கத்தில் சொல்லிவிட்டார். இருவரும் மடைப்பள்ளிச் சுவரைப் பார்த்தனர். பேழைகள் நின்ற இடம் மட்டும் புகை படியாது வெள்ளையாய்த் தெரிந்தது. பின்னர் தங்கையார் அகப்பையை அரசியார் கையில் கொடுத்தார். யாரும் எதுவும் பேசவில்லை. எழுதுவதற்கு எனக்கு ஒன்றும் கிட்டாத பொழுது அது ஒன்றே.

இனி ஊர்ச் செய்தி. சங்கூதிய தூவிக்கும் கதவு சுமந்த செங்கனுக்கும் அடுத்த முகூர்த்தத்திலேயே மணமாகி, இருவரும் நடந்தே மலைநாடு குடிபெயர்ந்தனர். கைப்பழக்கம் என்று ஊர் நம்புகிறது; நானும் நம்ப முயல்கிறேன். நாகனார் வேலையில் நீடிக்கிறார். வெண்ணிநங்கை மணற்றுறையில் கணவனோடு நலமே. மகள் வீட்டில் சோறுண்ண மாட்டேன் என்று தங்கையார் அவ்வூரிலேயே தனி வீடு கொண்டார். ஆனால் நாள்தோறும் மகள் மடைப்பள்ளிக்குச் சென்று பேழைகளுக்கு எண்ணெய் தடவுகிறார், தண்ணீர்கூடக் குடிப்பதில்லை எனக் கேள்வி.

ஆகவே, பெருமாட்டி, அவர் வெண்கரைக்குத் திரும்பவில்லை. அவர் வருவார், அவர் மரத்துக்கு இடம் வேண்டும் என்று தாங்கள் தங்கள் மருமகளாரின் பேழைகளை மடைப்பள்ளிச் சுவரினின்று இறக்கச் சொன்னதாக நம் நாட்டு வணிகர் கூறினர். மணற்றுறைக்கே சென்று அதைத் தங்கையாரிடம் அறிவித்தேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. அக்காவுக்கு ஆணையிடத் தமக்கு உரிமை இல்லை என்றும், எனினும் ஆணை போலவே எழுத வேண்டும் என்றும் பணித்தார். எழுதுகிறேன்: அப்பெண்ணின் பேழைகள் இவ்வோலை கண்ட பொழுதே, இருந்த சுவருக்கு, இருந்த வரிசையில் மீளுக.

காரிச்சாத்தன் கையெழுத்து. தங்கையார் முன்னிலையில் நண்டு முத்திரை இட்டுக் கட்டியது.