தரையத் தட்டுனா விடுற இடம்

அக்கா, டேப்லெட்ல பேசியே டைப் பண்றேன். தப்பு இருந்தா நீயே சரி பண்ணிப் படிச்சுக்கோ.

சூப் அடுப்பு மேல இருக்கு, சுட வச்சுக் குடி. உன் சாவி ஷூ ரேக் மேல.

நான் அந்த சண்டை ஜிம்முக்குத்தான் போறேன். "கொழுப்புடி உனக்கு, மூஞ்சிய உடைச்சுக்கிட்டு வந்து நிக்கப் போற"ன்னு நேத்து கத்துன. நான் கதவச் சாத்திட்டேன். விஷயம் என்னன்னா, போன வாரம் நான் வேலை பாக்குற கடைய மூடிட்டு வரும்போது ஒருத்தன் பஸ்லருந்து நம்ம கேட் வரைக்கும் பின்னாடியே வந்தான். நேத்தும் வந்தான்.

ரெண்டு ஜிம் பாத்தேன். மொதல் ஜிம் பளபளன்னு இருந்துச்சு. பிடியில மாட்டுனவங்க தரையத் தட்டுனா உடனே விட்டுடணும், அதான் விதி. அங்க ஒரு பொண்ணு தட்டிக்கிட்டே இருக்கா, மேல இருந்தவன் சிரிச்சுக்கிட்டே கழுத்த இறுக்குறான். கோச் வேடிக்கை பாக்குறார். நான் அப்பவே வெளிய வந்துட்டேன். இன்னொண்ணு டயர் கடை மாடியில, ஒரே வேர்வை நாத்தம். ஆனா தட்டுன நிமிஷமே விட்டுட்டு, "ஒண்ணும் ஆகலல்ல?"ன்னு கேட்டாங்க. அங்கதான் சேரப் போறேன்.

அவன் பின்னாடி வர்றத மாமாகிட்ட இப்போ சொல்லாத, வேலைய விடச் சொல்லுவார்.

இன்னும் ஒண்ணு. கிளாஸ் எட்டு மணிக்கு முடியும். பஸ் ஸ்டாப்புல வந்து நிக்கிறியாக்கா? சண்டை கத்துக்க நாளாகும். அவன் இன்னிக்கே வருவான்.