வாயை இழந்த குடும்பம்

நீ கேட்ட கேள்விக்கு இன்று காலை பாதி பதில் கிடைத்தது. அந்துப்பூச்சிகளை வகைப்படுத்தும் ஆய்வாளர் ஒருவர் தொலைபேசியில் உறுதி செய்தார்: எளாவூர் சோதனைச் சாவடி விளக்குக்கு வருமே, நீண்ட வாலும் வாயில்லாத முகமுமாக வெளிர்பச்சைப் பூச்சி, அதன் முன்னோருக்குத் தேன் உறிஞ்சும் குழல் இருந்தது. அந்தக் குடும்பத்தில் சிலவற்றின் தலைக்கடியில் அந்தக் குழலின் குட்டையான மிச்சம் இன்னும் ஒட்டியிருக்கிறதாம். பொன்னேரி ரயில் நிலையத்துக்கு எதிரே, கடையில் காலை நாஷ்டா என் முன்னால் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. போனை வைத்த பிறகு சாப்பிடக் கை போகவில்லை.

பத்திரிகைக்கு நான் செய்தி எழுத, நீ படம் எடுத்த காலம் அது. கவிழ்ந்த லாரியைப் படமெடுக்கப் போன இடத்தில், விடியற்காலையில் விளக்குக் கம்பத்தடியில் குனிந்து கிடப்பாய். நீண்ட குழலுள்ள பருந்து அந்துப்பூச்சியையும் வாயே இல்லாத இந்தப் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாய்.

"ரெண்டும் பங்காளிங்கபா."

"ஆதாரம் இன்னா?"

"மூஞ்சியப் பாத்தா தெரியல? உனுக்குப் பொண்ணு பாக்கறப்ப கூட ஆதாரம் கேட்டியா?"

மரபணுவைப் படித்தவர்களும் இரண்டையும் நெருங்கிய உறவாகவே வைத்திருக்கிறார்கள். முகத்தைப் பார்த்து அல்ல.

பிறகு உன் தொண்டையில் கட்டி. தண்ணீர்கூட இறங்கவில்லை. மூக்கு வழியாகச் சாப்பாட்டுக் குழாய் போட வேண்டாம் என்று அடம்பிடித்தாய். உன் மனைவி என்னை வரவழைத்தார்.

"நானும் அந்தப் பச்ச குடும்பத்துல சேந்துட்டேன்பா. அது துன்னாம ஒரு வாரம் பறக்கல?"

"அது புழுவா இருக்கறப்பவே துன்னு சேத்து வெச்சிக்குது. நீ இன்னா சேத்து வெச்ச, எளாவூர் பரோட்டாவா?"

"அண்ணே, இவரு பூச்சியாட்டம் பேசிக்கினு இருக்காரு, நீங்களும் கூட சேந்து சிரிக்கிறீங்களே!" என்று அவர் அழுதார்.

நீ அவரையே பார்த்துக்கொண்டிருந்தாய். "சரி, கொழாயப் போடச் சொல்லு. அதுங்க வாய எப்படித் தொலச்சிதுங்கன்னு கேட்டுச் சொல்லு. அதுவரிக்கும் இருக்கேன்."

கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். பதிலுக்கு முன் நீ போய்விட்டாய்.

இன்று மதியம் அந்தப் பாதி பதிலை உன் மனைவியிடம் சொன்னேன். "பதில் வர்ற வரிக்கும்னு சொல்லிக்கினு கெடந்தாரே. பதில் வந்துக்கினே இருக்குன்னு நாம இன்னும் கொஞ்சம் சொல்லிக்கினே இருந்திருந்தா, கூட நாலு நாள் இருந்திருப்பாரா அண்ணே?" என்றார்.

தெரியாது என்றேன். இத்தனை ஆண்டுத் தொழிலில் அந்தச் சொல் இவ்வளவு கனத்ததில்லை. அதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன்.

உன் கேள்வியின் மீதி நிலுவையில் இருக்கிறது. வாய் பொது முன்னோர் ஒன்றிடமே தொலைந்ததா, கிளை பிரிந்த பிறகு தனித்தனியாகத் தொலைந்ததா என்பதில் முடிவில்லை. தனக்குத் தெரிந்தவர்களிடம் விசாரித்து மார்கழியில், மழை ஓய்ந்ததும் சொல்வதாக ஆய்வாளர் கூறியிருக்கிறார்.