சிவப்புப் பூ குத்தும் நாள்

அன்பு மகளுக்கு,

இதை உங்கள் தோழி சுஹைராவுக்குத்தான் அனுப்புகிறேன். கடைசிப் பரீட்சை எழுதி, சிவப்புப் பூவோடு நீங்கள் வெளியே வந்த பிறகே கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

முதல் பரீட்சைக்கு வெள்ளைப் பூ, நடுவில் ரோசா நிறப் பூ, கடைசிக்குச் சிவப்பு. இங்கிலாந்தில் உங்கள் கல்லூரியின் இந்த வழக்கத்தை உங்கள் உம்மா மூதூரில் ஒரு வீடு விடாமல் சொன்னார். நீங்கள் கறுப்பு அங்கியில் வெள்ளைப் பூக் குத்திய படத்தைக் கைப்பேசியில் பார்த்த அன்று பின்னேரம்தான் நெஞ்சு நோகிறது என்றார். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிவப்புப் பூ குத்துற வரைக்கும் பிள்ளைக்கு ஒண்டும் சொல்லாதீங்க. எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்திரும்" என்றார்.

அதனால்தான் உம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது, கதைக்க ஏலாது என்றேன். "இஞ்சி போட்டுக் குடிக்கக் குடுங்க வாப்பா" என்று நீங்கள் சொன்னபோதெல்லாம் ஓம் என்றேன். கோபம் வந்தால் என்னோடு கோபியுங்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு ஊரே வந்தது. உம்மாவை அடக்க மாமரத்து நிழலில் இடம் கிடைத்தது.

அந்தப் பூவை எறிந்துவிடாதீர்கள், மகள். காய்ந்தாலும் கொண்டு வாருங்கள். மையவாடியில் பெண்கள் போகக்கூடிய படலை வாசல் வரை நான் கூட்டிப் போகிறேன். உம்மா வெள்ளைப் பூவை மட்டும்தான் பார்த்தார்.

உங்கள் வாப்பா